வீட்டு வேலைக்குக் கிரிட்டிக்கல் பாத் கணக்கிடும் முறை

கூரைத் தளக் கான்கிரீட் போட்ட பின் எஞ்சும் வேலைகளுக்குத் தேதி குறிப்பதற்கு முன், எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பதை எழுத வேண்டும். டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் 1950களின் இறுதியில் வகுத்த கிரிட்டிக்கல் பாத் முறையின், அதாவது தாமதமானால் மொத்த வேலையையும் தாமதமாக்கும் வேலைத் தொடரைக் கண்டறியும் முறையின், அடிப்படை இதுவே.

கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங்கைப் பிரிக்கும் வரை 14 நாள், பிறகு சுவரில் மின்குழாய் பதிக்க 5, பூச்சு வேலைக்கு 10, கதவு மாட்ட 4, பெயின்ட் அடிக்க 7 என்று கொள்வோம். தச்சர் கதவு செய்யும் 20 நாள் வேலை முதல் நாளே தனியாகத் தொடங்கும். ஒவ்வொன்றையும் கட்டமாக வரைந்து, முந்தியதிலிருந்து பிந்தியதற்கு அம்புக்குறி இடுங்கள்.

இடமிருந்து வலமாக நாள்களைக் கூட்டுங்கள். அம்புகள் சேரும் கட்டத்தில் பெரிய எண்ணையே எடுக்க வேண்டும்: பூச்சு 29 நாளிலும் கதவு 20 நாளிலும் முடிவதால், 29 நாள் கழிந்த பின்னரே கதவு மாட்ட முடியும், மொத்தம் 40 நாள். பின்பு 40-இலிருந்து பின்னோக்கிக் கழித்து வந்தால், இரு கணக்கிலும் தொடங்கும் நாள் மாறாத வேலைகளே கிரிட்டிக்கல் பாத் ஆகும். தச்சருக்கு மட்டும் 9 நாள் உபரி கிடைக்கிறது.

அந்த உபரியை நம்பித் தச்சரிடம் தாமதமாகச் சொல்வது எனக்கு உடன்பாடன்று. மரம் வரத் தாமதமாகி அவருக்கு 32 நாள் பிடித்தால், பாதையே அவர் பக்கம் மாறி, வீடு முடிய 43 நாள் ஆகும். அப்போது பூச்சுக்குக் கூடுதல் கொத்தனாரைப் போட்டும் பயனில்லை. கான்கிரீட் இறுகத் தேவையான சென்ட்ரிங் நாள்களையும் குறைக்கக் கூடாது. வாரந்தோறும் மீதமுள்ள நாள்களைத் திருத்திக் கணக்கை மீண்டும் போடுங்கள்.