டிரெஸ்ஸிங் நேரத்தில் பாட்டு: அம்மாவுக்கு நான் செய்த ஏற்பாடு

வடிகஞ்சி கொட்டி அம்மாவுக்குக் கால் வெந்துவிட்டது. மூன்று வாரம், ஒருநாள் விட்டு ஒருநாள், கடலூரில் ஆட்டோ வைத்து புண்ணுக்குக் கட்டு மாற்றும் டிரெஸ்ஸிங்குக்குக் கூட்டிப் போனேன். ஒட்டிக்கொண்ட துணியை உரிக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். வளையல் தடம் வீடு திரும்பும்வரை என் கையில் இருக்கும். அப்போதுதான் பாட்டு போட்டுப் பார்த்தேன்.

1. பாட்டை வலிக்கிறவர் தேர்ந்தெடுக்கட்டும். ‘மன அமைதிக்கு’ என்று போட்டிருந்த வீணை இசையை நான் வைத்தேன். “தலைவருங்க செத்தா ரேடியோவுல போடுவானே, அது மாதிரி இருக்குடா” என்றார். பழைய சினிமாப் பாட்டுக்கு மாறினோம். நிதானமான பாட்டு நல்லது, நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு. கடிகாரத்தைப் பார்த்துத் தொடையில் தாளம் போட்டாலே தெரிந்துவிடும். அப்பாவுக்குப் பிடித்த பாட்டுகளை மட்டும் எடுத்துவிட்டேன், கேட்டால் அம்மா அழுதுவிடுவார்.

2. பாட்டுகளைப் போனிலேயே இறக்கி வையுங்கள். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். முதல் நாள் யூடியூபில் நேரடியாக ஓடவிட்டேன். சிஸ்டர் கடைசிச் சுற்றை உரிக்கிற நேரம் பார்த்து, நகைக்கடை ஆடித் தள்ளுபடி விளம்பரம் காதில் அலறியது. அம்மா காலை உதற, கிண்ணத்து மருந்து சிஸ்டர் மேல். அடுத்த முறை நடுவில் சித்தப்பா போன். இப்போது 40 நிமிடப் பாட்டு போனில் இருக்கிறது, ஏரோபிளேன் மோடும் போட்டுவிடுவேன். வீட்டிலேயே நெட்டை அணைத்து ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.

புளூடூத் வேண்டவே வேண்டாம். பேட்டரி குறைந்தால் அதுவே ஒரு சத்தம் போடும். சாதாரண ஒயர் இயர்போன் போதும், உங்கள் போனுக்கு எந்தப் பின் என்று பார்த்து வாங்குங்கள்.

3. சிஸ்டரிடம் கேட்டுவிட்டு ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். “காலை மடக்காதீங்க” என்பது அம்மாவுக்குக் கேட்க வேண்டுமே.

4. கட்டைத் தொடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே, பெஞ்சில் காத்திருக்கும்போதே தொடங்குங்கள். வலி ஏறியபின் போட்டால் எரிச்சல்தான் வரும்.

வலி மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2015இல் லான்செட் மருத்துவ இதழில் 73 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்திருந்தன, வலி மருந்தின் தேவையும் குறைந்தது. குறைந்தது என்றுதான் சொன்னார்கள், தேவையே இல்லை என்று அல்ல. நான் செய்தது வெறும் பாட்டுப் போடுவது. முறையாகப் படித்தவர்கள் தரும் இசை சிகிச்சை வேறு. புதுச்சேரி பிள்ளையார்குப்பம் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி வளாகத்தில் அதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது.

பின்சேர்க்கை: எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு இதையே செய்யலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. அது காந்தம். போன், இயர்போன் எதுவும் அந்த அறைக்குள் போகக்கூடாது. சில இடங்களில் அவர்களே அதற்கான ஹெட்போன் வைத்திருப்பார்கள், உள்ளே போகுமுன் கேளுங்கள்.