இணைய வளங்களை வைத்து ஆங்கிலம் நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாதித் தவறுகள் தேடும்போதே நடந்துவிடுகின்றன. ‘பாஸிவ் வாய்ஸ் ஒர்க்‌ஷீட்’ என்று தட்டினால் எக்கச்சக்கமாக வந்து விழும். பார்க்க நன்றாக இருப்பதை பிரின்ட் எடுத்துக்கொண்டு போனால், அது வேறு யாருக்காகவோ தயாரித்தது என்பது வகுப்பு பாதி ஓடிய பிறகுதான் உறைக்கும். தேடுவதற்கு முன் ஒரே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: மணி அடிக்கும்போது மாணவர் எதைச் செய்து காட்ட வேண்டும்? ‘பாஸிவ் தெரிந்திருக்க வேண்டும்’ என்று எழுதினால் பயனில்லை. ‘அறிவியல் சோதனை ஒன்றின் செய்முறையை பாஸிவில் ஆறு வாக்கியங்களாக எழுத வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். தேடும் சொல்லே மாறிவிடும், கோடிட்ட இடத்தை நிரப்பும் தாள்களில் பெரும்பாலானவை தாமாகவே கழிந்துவிடும்.

கட்டுரையின் கடினத்தை தளம் போட்டிருக்கும் முத்திரையை நம்பி முடிவு செய்வது அடுத்த தவறு. ‘கிரேடு 8’ என்பதும் ‘பி1’ என்பதும் ஒன்றல்ல. முதலாவது, ஆங்கிலத்திலேயே வளர்ந்த பிள்ளைகள் படிக்கும் அமெரிக்கப் பள்ளி வகுப்பை ஒட்டிய கணக்கு. இரண்டாவது, ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் கொண்ட ஐரோப்பிய அளவுகோல். மொழியைப் புதிதாகக் கற்பவரை மனத்தில் வைத்து வகுத்தது. கிரேடு எண்ணைத் தருவதில் மிகப் பரவலான ஃப்ளெஷ்–கின்கெய்ட் சூத்திரம் 1975-இல் அமெரிக்கக் கடற்படைக்காக உருவானது. ஒரு வாக்கியத்தில் சராசரியாக எத்தனை சொற்கள், ஒரு சொல்லில் எத்தனை அசைகள் என்ற இரண்டை மட்டுமே அது எண்ணும். ‘பொறுத்துக்கொள்’ என்று பொருள் தரும் ‘புட் அப் வித்’ என்பதில் மூன்று சொல்லுக்கும் ஓரசைதான். சூத்திரத்துக்கு அது பரம எளிது. அதே பொருள் தரும் ‘டாலரேட்’ மூன்றசை, ஆகவே கடினம். வகுப்பில் நடப்பது நேர்மாறு: டாலரேட்டை அகராதியில் பார்த்துக்கொள்வார்கள், புட் அப் வித்தில் தடுக்கி விழுவார்கள்.

ஏஐ கருவியிடமோ இணையக் கருவியிடமோ கட்டுரையைக் கொடுத்து ‘எளிமையாக்கு’ என்று சொல்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீண்ட வாக்கியத்தை இரண்டாக வெட்டும்போது ‘பிகாஸ்’, ‘ஆல்தோ’ போன்ற இணைப்புச் சொற்கள் காணாமல் போகும். வாக்கியம் குட்டையாகிவிடும், ஆனால் எது காரணம், எது விளைவு என்பதை மாணவரே ஊகிக்க வேண்டியதாகிவிடும். அதற்கு மூலமே மேல். வெட்டிய பிரதியைக் கையில் எடுத்து, விடுபட்ட இணைப்புச் சொற்களைத் திரும்பச் செருகுங்கள்.

நிலை பார்க்க நம்பகமான வழி பழையதுதான். கட்டுரையின் நடுவிலிருந்து 100 சொற்களை எடுத்து, வகுப்பில் நடுத்தரமாகப் படிக்கும் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து, தெரியாத சொற்களின் கீழ் கோடு போடச் சொல்லுங்கள். முதல் பத்தி வேண்டாம். பெயர்களும் அறிமுகமும் அங்கேயே குவிந்து கிடக்கும். இரண்டு கோடு வரை என்றால் தனியாகப் படிக்க விடலாம். ஐந்து வரை என்றால் சொற்களை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்து வகுப்பில் சேர்ந்து படிக்கலாம். அதற்கு மேல் போனால் அந்தக் கட்டுரையை விட்டுவிடுங்கள். இரண்டு என்ற வரம்பு குத்துமதிப்பு அல்ல. உதவியில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது மொழிக் கல்வி ஆய்வாளர்களான ஹுவும் நேஷனும் 2000-இல் வெளியிட்ட ஆய்வின் கணக்கு.

வீடியோவில் நீளம்தான் முதல் எதிரி. பன்னிரண்டு நிமிடம் ஓடவிட்டால் அது பாடம் ஆகாது, வேடிக்கை ஆகிவிடும். இரண்டரை நிமிடத் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூன்று தடவை போடுங்கள். முதல் தடவை ஒரே ஒரு பொதுக் கேள்வி, கேப்ஷன் இல்லாமல். இரண்டாம் தடவை விவரக் கேள்விகள் நான்கைந்து. மூன்றாம் தடவைதான் கேப்ஷன். முதலிலேயே எழுத்து ஓடினால் காது மூடிக்கொள்ளும், கண் மட்டும் வேலை செய்யும்; கேட்டல் பயிற்சி வாசிப்புப் பயிற்சியாகிவிடும். கேப்ஷன் பட்டியலில் ‘தானாக உருவாக்கியது’ என்று இருந்தால் முழுவதையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள். ஆட்பெயர்கள் சிதைந்திருக்கும், நிறுத்தற்குறிகளை நம்ப முடியாது, ‘தேர்’ என ஒன்றுபோல ஒலிக்கும் ஆங்கிலச் சொற்கள் (there, their) இடம் மாறியிருக்கும்.

தானே மதிப்பெண் போடும் படிவங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும், உண்மைதான். ஆனால் அவை விடையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுபவை. விடை ‘டோன்ட்’ என்று வைத்துக்கொள்வோம். அதன் நடுவிலுள்ள சிறு குறியை நீங்கள் கணினியில் நேர்க்கோடாக அடித்திருப்பீர்கள். சில போன்களின் விசைப்பலகை அதே குறியை வளைத்துப் போடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, நிரலுக்கு வேறு வேறு. சரியாக எழுதிய பிள்ளைக்குப் பூஜ்யம் விழும், ஏன் என்று அதற்கும் புரியாது. இரண்டு வடிவங்களையும், ‘டூ நாட்’ என்ற விரிவையும், முதலெழுத்து பெரியதாக வரும் வடிவத்தையும் விடைப்பட்டியலில் சேர்த்துவிட்டு, ஒரு போனிலிருந்தும் ஒரு கணினியிலிருந்தும் நீங்களே எழுதிச் சோதித்த பிறகு அனுப்புங்கள். வேகத்துக்குப் புள்ளி கொடுக்கும் வினாடி வினா விளையாட்டுகளை, தெரிந்ததை மீட்டிப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாசிப்புக் கேள்விகளில் அவை நிதானமாகப் படிப்பவரைத் தண்டிக்கும்.

ஏஐ எழுதித் தரும் கேள்வித்தாளுக்கு ஒரு சோதனை உண்டு: பத்தியைப் படிக்காமல் விடை குறித்துப் பாருங்கள். நான்கு தெரிவு கொண்ட பத்துக் கேள்விகளில் ஆறேழு சரியாக வந்தால், அவை பொது அறிவைத்தான் சோதிக்கின்றன. பெரும்பாலும் நீளமான தெரிவே விடையாக இருக்கும், அல்லது இரண்டு தெரிவுகள் சரியாக இருக்கும். கவிதை வரிகளை மேற்கோள் காட்டச் சொன்னால் இல்லாத வரியைக்கூட உறுதியாகச் சொல்லும்; மூலத்தோடு ஒப்பிடாமல் பலகையில் எழுதவே கூடாது.

மாணவர் எழுதியது ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பித் தண்டிப்பது இவை எல்லாவற்றையும்விட மோசம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியக் குறைவு காரணமாக 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ எழுதியவை என்று தவறாக முத்திரை குத்தப்பட்டன. சொல்வளம் குறைவாக இருப்பதே அங்கே குற்றமாகிவிட்டது. முதல் பத்தியை வகுப்பிலேயே பத்து நிமிடத்தில் கையால் எழுத வையுங்கள். மீதியை கூகுள் டாக்ஸில் எழுதச் சொன்னால் பதிப்பு வரலாற்றில் கட்டுரை எப்படி வளர்ந்தது என்பதைப் பார்க்கலாம்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக: இலவசமாகப் படிக்கக் கிடைப்பது எல்லாமே நகலெடுத்துக் கொடுக்க அனுமதித்தவை அல்ல. படைப்பாளியே பகிர அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ‘என்டி’ (நோ டெரிவேட்டிவ்ஸ்) என்ற எழுத்துகள் இருந்தால், சுருக்கியோ மாற்றியோ பிறருக்குப் பகிரக் கூடாது.

கடைசியாக, லிங்க். உங்கள் கணக்கில் திறக்கும் கோப்பு மாணவரிடம் ‘அனுமதி தேவை’ என்று நிற்பது அன்றாடம் நடப்பது. பிரவுசரின் மறைநிலை ஜன்னலில், எந்தக் கணக்கிலும் நுழையாமல், பள்ளி வைஃபையிலேயே திறந்து பாருங்கள். வீட்டில் ஓடும் தளத்தைப் பள்ளி நெட்வொர்க் தடுத்திருக்கலாம். கட்டுரையின் அச்சுப் பிரதி ஒன்றும், தரவிறக்கிக்கொள்ளத் தளம் அனுமதித்திருந்தால் ஒலிக்கோப்பும் கையில் இருந்தால், நெட் போனாலும் அந்தப் பாடவேளை நடக்கும்.