ஏனோக்கு நூலை ஏடு பார்த்து வாசிக்கும் முறை

யூதா நிருபத்தின் 14, 15 ஆம் வசனங்களை வாசிக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. ஆதாமுக்கு ஏழாந்தலைமுறையான ஏனோக்கு முன்னறிவித்ததாக அங்கே ஒரு வாக்கு வருகிறது. பழைய ஏற்பாட்டை எவ்வளவு புரட்டினாலும் அந்த வாக்கு கிடைப்பதில்லை. ஏனோக்கு 365 ஆண்டு இருந்தான், தேவனோடு சஞ்சரித்தான், தேவன் அவனை எடுத்துக்கொண்டார் என்பதோடு ஆதியாகமம் நிறுத்திக்கொள்கிறது. யூதா காட்டும் வாக்கு இருப்பது, இன்று ஏனோக்கு முதலாம் நூல் என்று வழங்கும் 108 அதிகார நூலின் முதல் அதிகாரம், 9 ஆம் வசனத்தில். அந்த நூலை ஆங்கிலத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அதை எடுத்த எடுப்பில் ஒரே கையால் ஒரே காலத்தில் எழுதப்பட்ட புத்தகமாக வாசித்துவிட்டு, அதன்மேல் முடிவுகளை அடுக்குவோர்தான் மிகுதி. அரமேயமோ கிரேக்கமோ தெரியாத ஒருவரும் ஆய்வாளர்களின் வழியில் இதனை எவ்வளவு தூரம் வாசிக்க முடியும் என்பதே இங்குச் சொல்லப்படுவது.

முதலில் கையில் இருப்பது எந்த ஏனோக்கு என்று பாருங்கள். இப்பெயரில் மூன்று நூல்கள் உள்ளன: இரண்டாம் நூல் ஸ்லாவிய மொழியில் பிழைத்தது, மூன்றாவது எபிரேயத்தில் அமைந்த பிற்கால யூத மறைஞான நூல், முதலாவதே நமக்கு உரியது. இது நம்மூரில் தள்ளுபடி ஆகமங்கள் என்று சொல்லப்படும் தொகுதியிலும் இல்லை, கத்தோலிக்கத் திருவிவிலியத்தின் இணைத் திருமுறை நூல்களிலும் இல்லை. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையே இதனை மறைநூலாகப் போற்றிக் காத்துவந்தது. ஏனோக்கு தானே எழுதினானா என்று தொடக்கத்திலேயே மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. அகத்தியர் பெயரில் வழங்கும் வைத்திய நூல்களைச் சங்க காலத்துக்குக் கொண்டுபோகத் துணியாத தமிழ் வாசகருக்கு, பழம்பெரும் பெயர் ஒன்றின் கீழ்ப் பிற்காலத்தார் எழுதும் வழக்கத்தை விளக்கிச் சொல்லவும் தேவையில்லை.

அடுத்து, உங்கள் படியின் ஓரத்தில் பென்சிலால் ஐந்து பகுதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 1 முதல் 36 வரை காவலர் நூல். 37 முதல் 71 வரை உவமைகள். 72 முதல் 82 வரை 364 நாள் ஆண்டை விவரிக்கும் வானியல் நூல். 83 முதல் 90 வரை கனவுக் காட்சிகள். 91 முதல் இறுதி வரை ஏனோக்கின் நிருபமும் அதோடு சேர்ந்த பின்னிணைப்புகளும். இவை வெவ்வேறு காலங்களில் எழுந்து பிறகு ஒன்றாகக் கட்டப்பட்டவை. கட்டப்பட்ட முழு நூலும் இன்று கீஸ் எனப்படும் பழைய எத்தியோப்பிய மொழியில் மட்டுமே உள்ளது. ஸ்காட்லாந்துப் பயணி ஜேம்ஸ் புரூஸ் 1773 இல் சில படிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்; 1821 இல் ரிச்சர்ட் லாரன்ஸ் ஆங்கிலத்தில் பெயர்த்தார். கிடைத்துள்ள கீஸ் ஏடுகளில் மிகப் பழையவையே ஏறத்தாழ 15 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பதை நினைவில் வையுங்கள். மூலம் அரமேயம், அதிலிருந்து கிரேக்கம், கிரேக்கத்திலிருந்து கீஸ். நாம் வாசிக்கும் ஆங்கிலமோ தமிழோ நான்காவது கை.

இனிமேல்தான் உண்மையான வேலை. நீங்கள் ஆராய விரும்பும் வசனத்துக்கு எந்தெந்தச் சாட்சிகள் உள்ளன என்று, வசனம் வசனமாகக் கேட்க வேண்டும். எகிப்தின் அக்மீம் நகரில் 1886-87 குளிர்காலத்தில் ஒரு கல்லறையிலிருந்து கிடைத்த கிரேக்கச் சுவடி முதல் 32 அதிகாரங்களைத் தருகிறது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த செஸ்டர் பீட்டி பப்பிரஸ், 97 ஆம் அதிகாரத்தின் நடுவிலிருந்து 107 வரை தருகிறது. கேம்பல் பானர் 1937 இல் அதைப் பதிப்பித்தார். ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் சின்கெல்லஸ் என்ற பைசாந்தியத் துறவி தம் காலவரிசை நூலில் சில பகுதிகளை எடுத்தாண்டிருக்கிறார். இவற்றுக்கெல்லாம் மூத்தவை, சாக்கடல் ஓரத்துக் கும்ரானில் 1952 இல் திறக்கப்பட்ட நான்காம் குகையின் அரமேயத் துணுக்குகள். பதினொரு படிகளின் சிதறல்கள் அவை, ஜே. டி. மிலிக் 1976 இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். எழுத்தின் வடிவத்தைக் கொண்டு காலம் கணிப்போர், அவற்றுள் ஒன்றான 4கியூ201 ஐக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வைக்கின்றனர். குறியீட்டைப் படிப்பது எளிது: முதல் எண் குகை, கியூ என்பது கும்ரான், அடுத்தது சுவடியின் வரிசை எண்.

இவ்வளவு அலைச்சல் எதற்கு என்று கேட்பவருக்கு 6 ஆம் அதிகாரத்தின் 6 ஆம் வசனத்தையே காட்டுவேன். காவலர்கள் எனப்படும் 200 தேவதூதர்கள் விண்ணிலிருந்து மனுஷகுமாரத்திகளை நாடி இறங்கிவரும் இடம் அது. லாரன்ஸின் மொழிபெயர்ப்பில் அவர்கள் எர்மோன் மலையின் உச்சியாகிய ஆர்தீஸ் என்னுமிடத்தில் இறங்கினார்கள் என்று இருக்கும். நானும் தொடக்கத்தில் அந்தப் பழைய மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு, ஆர்தீஸ் எங்கே இருக்கிறது என்று வேதாகம நிலப்படங்களில் ஒரு மாலை முழுவதும் தேடியவன்தான். அப்படியோர் இடம் உலகத்தில் இல்லை. சின்கெல்லஸின் கிரேக்கத்தில் அதே வசனம், யாரேதின் நாட்களில் எர்மோன் மலையுச்சிக்கு இறங்கினார்கள் என்று வருகிறது. கிரேக்கத்தில் யாரேதின் பெயரை அடுத்து 'எயிஸ்' என்ற சிறு சொல் நிற்கும். மலைக்கு என்பதில் வரும் 'கு' உருபின் வேலையை அது செய்கிறது. பழைய கிரேக்கச் சுவடிகளில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை. யாரேத், எயிஸ் என்ற இரண்டும் ஒட்டிப்போய், எங்கோ ஒரு படியெடுப்பவர் அல்லது மொழிபெயர்ப்பாளர் கையில் ஆர்தீஸ் என்றொரு மலையுச்சி பிறந்துவிட்டது. புள்ளியும் இல்லாமல் சொற்பிரிப்பும் இல்லாமல் எழுதப்பட்ட பனையோலையைப் பெயர்த்தெழுதிப் பழகியவர்களுக்கு இது புதிய கதையாக இராது.

கும்ரான் துணுக்கு இதை முடித்துவைத்தது. 4கியூ201 இல் அந்த இடத்தில் 'யாரேதின் நாட்களில்' என்பதற்கான அரமேயச் சொற்கள் எஞ்சியிருக்கின்றன. அதோடு இன்னொன்றும் தெளிகிறது: யாரேத் என்ற பெயரும் இறங்குதல் என்ற எபிரேய வினையும் ஒரே எழுத்துகளால் ஆனவை. ஏனோக்கின் தகப்பன் பெயரிலேயே இறக்கம் இருப்பதால், காவலர்கள் இறங்கிய காலத்தை அவன் நாட்களில் வைத்திருக்கிறார் ஆசிரியர். எர்மோன் என்ற மலைப்பெயரையும், அவர்கள் அங்கே சாபத்தின்மேல் ஆணையிட்டதால் வந்தது என்று அடுத்த அடியிலேயே சிலேடையாக விளக்குகிறார். ஆர்தீஸ் என்று வாசித்தவருக்கு இந்த நயத்தில் பாதி போயிற்று. ஆக, முதல் விதி இது: விசித்திரமான பெயர் ஒன்று எதிர்ப்பட்டால் அதற்குத் தத்துவ விளக்கம் தேடுமுன் பாடபேதத்தை, அதாவது மற்றப் படிகளில் அவ்விடம் எப்படி இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

துணுக்குகளைக் கண்ணால் பார்க்க இஸ்ரேல் தொல்பொருள் துறையின் லியோன் லெவி சாக்கடல் சுருள் மின்னூலகத்துக்குச் செல்லுங்கள். சுவடி எண்ணை இட்டுத் தேடினால் உயர்தரப் படங்கள் திறக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் தோல் துண்டுகள், விளிம்பு கருகியதுபோல் இருண்டிருக்கும். ஒரு வரியில் மூன்று சொல் முழுதாக நின்றால் அதுவே பெரிது. படத்தைப் பார்த்த பிறகு அச்சுப் பதிப்பை எடுத்தால் சதுர அடைப்புகளின் பொருள் தானாக விளங்கும். அடைப்புக்கு வெளியே இருப்பது தோலில் உள்ளது. உள்ளே இருப்பது பதிப்பாசிரியர் நிரப்பியது. எழுத்தின் மேல் புள்ளி இருந்தால் அந்த வாசிப்பு ஐயத்துக்குரியது. மிலிக் பேரறிஞர்தான், ஆனால் விடுபட்ட இடங்களைக் கிரேக்கத்தையும் கீஸையும் பார்த்து அரமேயமாக்கித் தாராளமாக நிரப்பியவர். ஆகவே, அவருடைய அடைப்புக்குள் இருக்கும் சொல்லைக் காட்டி, கீஸ் பாடம் சரியானதென அரமேயமே சொல்கிறது என்று யாராவது வாதித்தால், தான் வைத்த பணத்தைத் தானே கண்டெடுத்துவிட்டு அதிர்ஷ்டம் என்று மகிழ்கிறவரின் நிலைதான் அது.

இப்போது யூதாவுக்குத் திரும்பலாம். ஒரு தாளை மூன்று பத்தியாக மடித்து, முதலில் யூதா 14-15, இரண்டாவதில் அக்மீம் கிரேக்கத்தின் 1:9, மூன்றாவதில் கீஸ் பாடத்தின் மொழிபெயர்ப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வேறுபாடுகள் உடனே தெரியும். யூதா 'இதோ' என்று தொடங்குகிறார். அக்மீம் சுவடியில் அது இல்லை, கீஸில் உண்டு. அதாவது இளைய சாட்சியான கீஸ் இவ்விடத்தில் யூதா அறிந்த பாடத்துக்கு நெருங்கி நிற்கிறது. மூத்த சுவடியே எப்போதும் சரி என்ற எண்ணத்தை இந்த ஒரு சொல் அசைத்துவிடும். இரண்டாவது, நம் வேதாகமத்தில் 'கர்த்தர் வருகிறார்' என்று எழுவாய் வெளிப்படையாக இருக்கிறது. ஏனோக்கு நூலில் 'அவர் வருகிறார்' என்ற அளவே. உபாகமம் 33 இன் சீனாய்க் காட்சியை மனத்தில் வைத்து, பரிசுத்தவான்களின் கூட்டத்தோடு தேவன் வருவதைச் சொல்கிறார் ஏனோக்கு நூலாசிரியர். யூதா இட்ட 'கர்த்தர்' என்ற சொல்லை, இயேசுவின் வருகையை எதிர்பார்த்திருந்த தொடக்கக் கிறிஸ்தவர் எப்படிக் கேட்டிருப்பர் என்பதை ஊகிப்பது கடினமன்று. மேற்கோளின் உயிர் அந்தச் சேர்க்கையில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஏழாந்தலைமுறை என்ற தொடரும் யூதாவின் சொந்தச் சரக்கன்று. ஏனோக்கு 60:8 இல் அது உண்டு, 93:3 இலும் ஏழாமவனாகப் பிறந்தேன் என்று ஏனோக்கு சொல்கிறான். இந்த மேற்கோளின் காரணமாகவே பலர் யூதா நிருபத்தை ஏற்கத் தயங்கினர் என்று பழைய திருச்சபை எழுத்தாளர் ஜெரோம் எழுதியிருக்கிறார்; அவருக்கும் முந்திய தெர்த்துல்லியனோ, யூதா சாட்சி சொல்வதையே காரணமாகக் காட்டி ஏனோக்கு நூலுக்காக வழக்காடினார்.

காலக் கணிப்புக்குக் கனவுக் காட்சிகளின் 85 முதல் 90 வரையுள்ள அதிகாரங்களே சிறந்த பயிற்சிக் களம். அங்கே உலக வரலாறு முழுவதும் மிருகக் கதையாக வருகிறது: ஆதாம் வெள்ளை எருது, இஸ்ரவேலர் ஆடுகள், அவர்களை ஒடுக்கிய இனத்தார் கொடிய விலங்குகளும் பறவைகளும். ஒவ்வொரு மிருகத்துக்கும் எதிரே வரலாற்று மனிதரை எழுதிக்கொண்டே வாருங்கள். ஏதோ ஓரிடத்தில் எழுத முடியாமல் நின்றுவிடுவீர்கள். 90:9 இல் பெரிய கொம்பு முளைத்த ஆட்டுக்கடா வருகிறது, கி.மு. 160 களில் சிரியாவை ஆண்ட கிரேக்க வம்சத்தாரான செலூக்கியரை எதிர்த்துப் போரிட்ட யூதத் தலைவர் யூதா மக்கபேயு அது என்பது பெரும்பான்மையோர் கருத்து. கடா போரிட்டுக்கொண்டே இருக்கிறது, சாவதில்லை; சட்டென்று 90:18 இல் தேவன் கோலால் பூமியை அடிக்க, பகைவர் அதற்குள் புதைகின்றனர். மக்கபேயு கி.மு. 160 இல் போர்க்களத்தில் மடிந்தார். துல்லியமாக வந்த வரலாறு எங்கே கனவாக மாறுகிறதோ அதுவே ஆசிரியர் நின்று எழுதிய இடம். ஆக இது எழுதப்பட்டது மக்கபேயு உயிரோடிருந்தபோது. தானியேல் 11 ஆம் அதிகாரத்துக்கும் ஆய்வாளர்கள் இதே அளவுகோலைத்தான் வைக்கின்றனர்.

உவமைகளுக்கு இந்த வசதி இல்லை. மனுஷகுமாரன் நியாயாசனத்தில் அமர்வதைப் பேசும் பகுதி என்பதால் சுவிசேஷங்களோடு ஒப்பிட எல்லோரும் ஓடிவருவது இங்கேதான். ஆனால் கும்ரானில் இதன் ஒரு துணுக்கும் கிடைக்கவில்லை. அதைக் காட்டி மிலிக் இதனைக் கி.பி. மூன்றாம் நூற்றாண்டுக்குத் தள்ளினார். அங்கே கிடைக்காததே சான்றாகிவிடாது. எஸ்தர் புத்தகமும்தான் கிடைக்கவில்லை. 56 ஆம் அதிகாரத்தில் பழைய பாரசீக நாட்டுப் பேரரசினரான பார்த்தியர் எருசலேமை நோக்கி வருவது கி.மு. 40 ஆம் ஆண்டுப் படையெடுப்பை நினைவூட்டுவதால், கிறிஸ்து காலத்தை ஒட்டியே பெரும்பாலோர் இப்போது வைக்கின்றனர். ஆகவே இயேசுவின் சொற்களுக்கு இதுதான் மூலம் என்றோ, இது அவற்றின் நகல் என்றோ ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள்.

எந்த மொழிபெயர்ப்பை வாங்குவது என்பதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இணையத்தில் பெரும்பாலும் உலவுவது ஆர். எச். சார்ல்ஸ் செய்தது, உரிமைக் காலம் முடிந்ததால் எல்லாத் தளங்களிலும் அதுவே கிடைக்கிறது. அதில் 71:14 ஐத் திறந்து பாருங்கள். கீஸ் பாடத்தில் தூதன் ஏனோக்கைப் பார்த்து 'நீயே அந்த மனுஷகுமாரன்' என்கிறான். அது முன்பின் பொருந்தாதென்று கருதிய சார்ல்ஸ், 'இவரே அந்த மனுஷகுமாரன்' என்று திருத்தி அச்சிட்டார். எந்த ஏடும் அவருக்குத் துணையாக இல்லை. மைக்கேல் நிப் 1978 இல் வெளியிட்ட பதிப்பும், ஜார்ஜ் நிக்கல்ஸ்பர்க், ஜேம்ஸ் வாண்டர்காம் இருவரின் மொழிபெயர்ப்பும் ஏட்டில் உள்ளபடியே தருகின்றன. புத்தகக் கடையில் வேறு எந்தப் பதிப்பைக் கையில் எடுத்தாலும் முதலில் இந்த வசனத்தைப் புரட்டுங்கள். திருத்தியிருந்து, திருத்தியதைச் சொல்லும் அடிக்குறிப்பும் இல்லாவிட்டால் அதை அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடலாம்.