குவாட் பைக் ஸ்டீயரிங் டாம்பரைப் பிரித்து சீல் மாற்றுவது எப்படி

ஷார்ஜாவில் அல் பதாயர் மணல்மேடுகளில் ஓடும் நான்கு சக்கர குவாட்களைத்தான் நான் தினமும் பிரித்துப் பூட்டுகிறேன். யமஹா ராப்டர் 700 மாதிரி வண்டிகளில் டாம்பர் பெரும்பாலும் தனியாக வாங்கிப் பூட்டியதாகத்தான் இருக்கும். முன்சக்கரம் இரண்டில் ஒன்று மட்டும் கல்லிலோ புல் மண்டிய மேட்டிலோ மோதினால் ஹேண்டில்பார் வெடுக்கென்று திரும்பி மணிக்கட்டைப் பதம் பார்த்துவிடும், அந்த உதறலை எண்ணெயை வைத்து அடக்குவதுதான் டாம்பரின் வேலை. மெதுவாகத் திருப்பினால் எண்ணெய் சின்னத் துளை வழியே நிதானமாகப் போய்விடும். திடீரென்று தள்ளினால் முரண்டு பிடிக்கும்.

நான் சொல்வது ராட், அதாவது உள்ளே பிஸ்டன் பூட்டிய கம்பி, இரண்டு பக்கமும் வெளியே நீளும் குழாய் வகைக்கு. கேஸ் ஏற்றும் வால்வு கண்ணில் பட்டால் பிரிக்கவே வேண்டாம், உள்ளிருக்கும் அழுத்தத்தில் மூடி தெறித்து முகத்தில் அடிக்கும்.

முதலில் டாம்பரைக் கழற்றிவிட்டு ஸ்டீயரிங்கை ஆட்டிப் பாருங்கள். சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடின் முனையிலோ, உருண்டை மூட்டான பால் ஜாயிண்டிலோ ஆட்டம் இருந்தால் அதைச் சரி செய்யாமல் டாம்பரில் காசு போடாதீர்கள், டாம்பர் அதை மறைக்குமே தவிர தீர்க்காது.

அப்புறம் டாம்பரைக் கையில் பிடித்து ராடை மெதுவாகத் தள்ளி இழுங்கள். கடைசி வரை ஒரே மாதிரி கனமாகப் போக வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் சொத்தென்று லேசாக நழுவினால் எண்ணெய் குறைந்து உள்ளே காற்று ஏறிவிட்டது. ஹேண்டில்பார் பெரும்பாலான நேரம் நேராகவே இருப்பதால் அந்த நிலையில் சீலுக்குள் (எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) இருக்கும் பகுதியில்தான் ராடும் தேயும். அங்கே நகத்தை வைத்து நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். நகம் எங்காவது மாட்டினால் க்ரோம் போய்விட்டது, எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் சில நாளில் மறுபடி ஒழுகும், ராடையே மாற்ற வேண்டியதுதான்.

பிரிக்கும் முன் அட்ஜஸ்டர் (கனத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) எத்தனை க்ளிக்கில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள், பிறகு முழுக்க லூஸ் செய்யுங்கள். மணல் ஒரு துகள்கூட இல்லாமல் வெளியே கழுவித் துடைக்க வேண்டும். மூடியை பிளாஸ்டிக் துண்டால் கொஞ்சம் உள்ளே தட்டினால், அதைப் பிடித்திருக்கும் கம்பி வளையமான சர்க்ளிப்பைக் கழற்ற இடம் கிடைக்கும். இங்கேதான் நான் ஒருமுறை ஏமாந்தேன். சர்க்ளிப் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தது, மூடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டு உள்ளே தள்ளும்போது மெல்லிய நூல் போல ஒரு ரப்பர் கீற்று சீவிக்கொண்டு வந்துவிட்டது, கண்ணில் படவில்லை, மறுநாளே ஒழுகியது. அதனால் அந்த விளிம்பை 600 எமரி பேப்பரால் தேய்த்து மழுக்கி, நன்றாகக் கழுவிவிட்டுத்தான் மேலே போங்கள்.

பழைய எண்ணெயை வெள்ளைத் தட்டில் ஊற்றுங்கள். மினுமினுப்பு தெரிந்தால் உள்ளே உலோகம் தேய்கிறது, பால் மாதிரி இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

சீலின் உள்விட்டம், வெளிவிட்டம், உயரம் மூன்றையும் வெர்னியரில் அளந்து சீல் கடையில் கொடுங்கள். நைட்ரைல் ரப்பர் போதும், இந்த ஊர் வெயிலுக்குச் சூடு தாங்கும் விட்டான் (Viton) ரப்பர் கிடைத்தால் இன்னும் நல்லது. அளவு ஒத்துப்போகிறதே என்று பிரேக் சிலிண்டர் ரப்பரைப் போட்டுவிடாதீர்கள், அது பிரேக் ஆயிலுக்கான ரப்பர், டாம்பரில் ஊற்றும் ஃபோர்க் ஆயில் (பைக் முன் சஸ்பென்ஷன் எண்ணெய்) பட்டால் ஊதிப்போகும். ராடின் மரையில் டேப் சுற்றி, எண்ணெய் தடவி, சீலின் உதடு (ராடைத் தொடும் மெல்லிய விளிம்பு) உள்பக்கம் பார்க்கும்படி நழுவ விடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் டாம்பர் தயாரித்தவர்கள் சொன்ன கிரேடுதான். அது தெரியவில்லை என்றால் மெல்லிய ரகமான 5W ஃபோர்க் ஆயிலில் ஆரம்பியுங்கள். என்ஜின் ஆயில் வேண்டாம்.

காற்றை எடுப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். கீழ் மூடியைப் பூட்டி, டாம்பரை வைஸில் செங்குத்தாக நிறுத்தி, விளிம்பு வரை ஊற்றி, பிஸ்டன் எண்ணெய்க்கு மேலே வராமல் ராடை மிக மெதுவாக ஏற்றி இறக்குங்கள். அவசரப்பட்டால் நுரைத்துவிடும். குமிழ் வருவது நின்றதும் கால் மணி நேரம் விட்டு மறுபடி செய்யுங்கள், இன்னும் கொஞ்சம் வரும். எண்ணெய் வழிய வழிய மேல் மூடியை இறக்கி சர்க்ளிப் போடுங்கள், அது பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்ததா என்று சுற்றிலும் தடவிப் பாருங்கள். இப்போது ராடைத் தள்ளினால் நடுவில் நழுவக் கூடாது. நழுவினால் திறந்து மறுபடி காற்று எடுக்க வேண்டும், வேறு வழியில்லை.

வண்டியில் பூட்டியதும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். வண்டியின் ஸ்டாப்பர் இடித்த பிறகும் டாம்பரில் இரண்டு முனையிலும் சில மில்லிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். டாம்பர் முதலில் முட்டினால் ராட் வளையும், திருப்பத்தில் ஸ்டீயரிங்கும் பாதியில் நின்றுவிடும். அது சரியாக இருந்தால் முழு லூஸில் வைத்து மெதுவாக ஓட்டி, நீங்கள் எழுதி வைத்த எண் வரை இரண்டிரண்டு க்ளிக்காக ஏற்றுங்கள். ஓட்டி முடித்ததும் ராடை வெள்ளைத் துணியால் துடையுங்கள், மெல்லிய ஈரப்பளபளப்பு இருக்கலாம், சொட்டு நிற்கக் கூடாது.