அம்மம்மாவோடு வானம் பார்ப்பது எப்படி

1995இல் போரால் யாழ்ப்பாணத்துச் சனம் ஊரை விட்டு வெளியேறிய இடப்பெயர்வைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசியதில்லை. கேட்டால் அம்மம்மா "இப்ப ஏன் அது?" என்று எழுந்து போய்விடுவார். முற்றத்தில் பாயைப் போட்டு அண்ணாந்து படுத்த ஓர் இரவில்தான் வாய் திறந்தார். அதற்குப் பிறகு நான் செய்துவருவது இது.

அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் யாழ்ப்பாணத்து வானம் மழைக்குச் சொந்தம். மாசி, பங்குனி நல்லது. வெளி விளக்கை அணைத்து, கைபேசியை உள்ளே வைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது வேண்டும். பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள், எதிரே உட்கார வேண்டாம். முகத்தைப் பார்க்காமல் பேசலாம் என்பதுதான் இதில் பாதி வேலை.

போரைப் பற்றிக் கேட்காதீர்கள். "கரண்ட் இல்லாத காலத்தில வானம் எப்பிடி இருந்தது?" என்று தொடங்குங்கள். 1990க்குப் பிறகு பல வருடம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் திரி போட்டு எரித்த விளக்கில் தொடங்கும் பேச்சு தானாகவே நகரும்.

வால்வெள்ளி பார்த்தோம் என்று சொன்னால் விடாதீர்கள், அது நல்ல காலக்குறி. 1996 மார்ச் கடைசியில் வட வானில் சில நாள் மட்டும் பெரிதாகத் தெரிந்தது ஹயாகுடாக்கே. குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்துச் சனம் அப்போது கிழக்கே தென்மராட்சியில் அகதியாக இருந்தது. 1997 மார்ச், ஏப்ரலில் மாலையில் வடமேற்கே தெரிந்தது ஹேல்–பாப். அதற்குள் பலர் வலிகாமம் திரும்பிவிட்டார்கள், மற்றவர்கள் குடாநாட்டுக்குத் தெற்கே வன்னியில். "எந்த வீட்டு முற்றத்தில நிண்டு பாத்தனீங்கள்?" என்று கேட்டாலே வருடம் பிடிபட்டுவிடும்.

அப்புறம், தனியாக, ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளைத் திறந்து இடத்தையும் தேதியையும் கொடுங்கள். நான் இடப்பெயர்வு நடந்த 1995 அக்டோபர் 30 கொடுத்தேன். ஆறு நாளுக்கு முன்புதான் சூரிய கிரகணம். அன்றிரவு அரை நிலா, நள்ளிரவை ஒட்டி மறைகிறது. ஆனால் தென்மராட்சிக்குப் போகும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள், மழை.

இங்கேதான் நான் ஒரு பிழை விடப் பார்த்தேன். மழை விட்ட அடுத்த வைகறையில் விடிவெள்ளி தெரிந்தது என்று அம்மம்மா சொல்லியிருந்தார். மென்பொருளில் பார்த்தால் அந்த மாதம் வெள்ளி மாலை வானில், சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்திலேயே தானும் மறைகிறது. விடியற்காலையில் அது கிடையாது. திருத்தலாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்லவேளை, "எந்தப் பக்கம் தெரிஞ்சது அம்மம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"தெற்கால, நல்ல உயரத்தில."

சரி, அது சிரியஸ், இரவு வானில் மிகப் பிரகாசமான நட்சத்திரம். அந்த நேரத்தில் அது அங்கேதான் நிற்கும். நான் பேசாமல் இருந்தேன்.

"அந்த வெள்ளியைப் பாத்திட்டுக் குனிஞ்சன். உன்ர சின்னம்மா கையில இல்லை. சனத்துக்குள்ள விட்டிட்டன். விடிஞ்சாப் பிறகு கைதடியிலதான் கண்டனாங்கள்."

சின்னம்மாவுக்கு அப்போது ஐந்து வயது. அவர் தொலைந்த கதை அதுவரை எனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அம்மம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதி வைத்தேன். அதில் விடிவெள்ளி என்றே இருக்கிறது.