30-க்கு 40 மனை: கடைக்கால் தோண்டுமுன் பிளானைச் சீர்செய்வது

அரை கிரவுண்ட் மனை, 1,200 சதுர அடி. இஞ்சினியர் தந்த முதல் பிளானில் கேட்ட அறைகள் எல்லாமே இருக்கும். அதோடு திருப்தியடைந்து வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். தாளில் அறை அடங்குவது வேறு, அந்த அறைக்குள் கட்டிலும் பீரோவும் கதவும் ஆளும் அடங்குவது வேறு.

முதலில் மனையை நீங்களே அளந்து பாருங்கள். பத்திரத்தில் 30-க்கு 40 என்று இருந்தாலும் கல் நட்ட இடத்தில் குறையலாம். நான்கு பக்கங்களோடு இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் பிடித்து அளக்க வேண்டும். மனை மூலைமட்டமாக இருந்தால் இரண்டுமே 50 அடி வரும். ஒன்று 50 அடி 8 அங்குலம், இன்னொன்று 49 அடி 4 அங்குலம் என்று வந்தால் மனை கோணல். அந்தக் கோணல் வீட்டைச் சுற்றி விடும் காலியிடத்தில் போகட்டும், வீட்டை மூலைமட்டத்திலேயே போடுங்கள். சுவரைக் கோணலாக்கினால் டைல்ஸ் போடும்போது ஒவ்வொரு அறையிலும் ஓரத்தில் ஆப்பு வடிவத் துண்டு விழும்.

அடுத்தது சுவர்க்கனம். பெரும்பாலான பிளான்கள் கெடுவது இங்கேதான். உதாரணத்துக்கு, பக்கங்களிலும் பின்னாலும் 3 அடி, முன்னால் 5 அடி விட்டால் வீட்டின் வெளி அளவு 24-க்கு 32. (உங்கள் சாலை அகலத்துக்கும் மனை அளவுக்கும் எவ்வளவு விட வேண்டும் என்பதைத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.) வெளிச்சுவர் 9 அங்குலம் என்றால், சுற்றுச்சுவர் மட்டுமே 82 சதுர அடியை விழுங்கிவிடும். 24 அடி அகலத்தில் இரண்டு வெளிச்சுவருக்கு ஒன்றரை அடி போக மிச்சம் 22 அடி 6 அங்குலம். நடுவில் நாலரை அங்குலச் சுவர் வந்தால் 22 அடி ஒன்றரை அங்குலம். நான்கு முகத்திலும் அரை அங்குலப் பூச்சு ஏறினால் 21 அடி பதினொன்றரை அங்குலம். "11 அடியில் இரண்டு ரூம்" என்று நினைத்திருந்தால் ஒவ்வொன்றிலும் கால் அங்குலம் குறைகிறது.

மனையடி சாஸ்திரம் பார்க்கும் குடும்பத்தில் இந்தக் கால் அங்குலம் பெரிய சண்டையாகும். 12 முதல் 15 அடி வரை ஆகாது என்பதால் 11-ஐ விட்டால் 16-க்குத்தான் தாவ முடியும். ஆகவே உள்கூடு அளவு பூச்சுக்கு முன்பா, பின்பா என்பதை மேஸ்திரியிடம் முதல் நாளே பேசி, பிளானிலும் எழுதிவிடுங்கள். பூச்சுக்குப் பின் 11 அடி வேண்டுமென்றால் செங்கல்லுக்குச் செங்கல் 11 அடி 1 அங்குலம் வைத்துக் கட்ட வேண்டும். வெளி அளவைக் கூட்ட இடமில்லையா? ஒரு அறையை 11, மற்றதை 10 என்று முடித்து, மிஞ்சும் ஏறக்குறைய ஓரடியைப் புத்தக அலமாரிக்குக் கொடுக்கலாம்.

இப்போது ஓரடிக்குக் கால் அங்குலம் என்ற அளவில், சுவரை இரட்டைக் கோடாகப் போட்டு பிளானை மறுபடி வரையுங்கள். அதே அளவில் சாமான்களை அட்டையில் வெட்டி வைத்து நகர்த்திப் பாருங்கள். பெரிய கட்டில் 6-க்கு ஆறரை, சின்னது 5-க்கு ஆறரை, சுவர் அலமாரியின் ஆழம் 2 அடி, ஃபிரிட்ஜுக்கு இரண்டரை அடி.

11-க்கு 11 படுக்கையறையையே எடுத்துக்கொள்வோம். 6 அடிக் கட்டிலை நடுவில் போட்டுப் பக்கச் சுவரில் 2 அடி அலமாரி அடித்தால், இரு பக்கத்துக்கும் சேர்த்து மிஞ்சுவது 3 அடி. ஒன்றரை அடி இடுக்கில் நின்று அலமாரிக் கதவைத் திறக்க முடியாது. அதே அலமாரியைக் கால்மாட்டுச் சுவருக்கு மாற்றினால் முன்னால் இரண்டரை அடி கிடைக்கும், கட்டிலின் இரு பக்கமும் இரண்டரை அடி வரும். இதைக் கட்டில் வாங்கும் நாளில் யோசித்தால் தாமதம், ஏனென்றால் ஜன்னலும் ஸ்விட்ச் போர்டும் அதற்குள் உட்கார்ந்திருக்கும்.

கதவு திறக்கும் வளைவையும் வரையுங்கள். கதவுக்குப் பின்சுவரில் அலமாரி வரப்போகிறதென்றால், நிலையை மூலையிலிருந்து 2 அடி 3 அங்குலம் தள்ளி வையுங்கள். ஸ்விட்ச் போர்டு தாழ்ப்பாள் பக்கம் வர வேண்டும்.

சமையலறையில் இரு பக்கமும் மேடை வேண்டுமானால் உள் அகலம் 8 அடி. இரண்டு மேடைக்கும் 4 அடி போனால், நடக்க 4 அடி இருக்கும். 7 அடி என்றால் ஒருவர் அடுப்பில் நிற்கும்போது இன்னொருவர் தாண்டிப் போக முடியாது. மேடை உயரத்தைச் சமைப்பவரை நிற்க வைத்து முடிவு செய்யுங்கள், பொதுவாக 32 முதல் 34 அங்குலம் ஒத்துவரும்.

மாடிப்படியைப் பொறுமையாகக் கணக்கிட வேண்டும். தரையிலிருந்து மேல்தளத் தரை வரை 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம் என்று வையுங்கள். 7 அங்குல உயரத்தில் 18 படி, நடுவில் லேண்டிங்கில் திரும்பி ஏறினால் ஒரு பக்கத்துக்கு ஒன்பது. ஒன்பதாவது லேண்டிங்கிலேயே முடிவதால் கால் வைக்கும் பலகை எட்டு, ஒவ்வொன்றும் 10 அங்குலம் என்றால் 6 அடி 8 அங்குலம். 3 அடி லேண்டிங் சேர்ந்தால் நீளம் 9 அடி 8 அங்குலம், அகலம் ஆறேகால் அடி. வீட்டில் வயதானவர் இருந்தால் 20 படியாக்கி, உயரத்தை 6.3 அங்குலத்துக்கு இறக்குங்கள். அதற்குக் கூடுதலாகத் தேவைப்படும் நீளம் வெறும் 10 அங்குலம்தான். முழங்காலுக்காக அந்தப் பத்து அங்குலத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. முதல் படிக்கு முன்னால் 3 அடி காலியிடமும் விடுங்கள்.

படிக்குக் கீழே கழிப்பறை என்று பல பிளான்களில் போடுகிறார்கள். 18 படிக் கணக்கில் லேண்டிங் 63 அங்குல உயரத்தில் வரும், கான்கிரீட் 5 அங்குலம் கழித்தால் 4 அடி 10 அங்குலம். அங்கே ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. இன்வெர்ட்டர், செருப்பு அலமாரி, தண்ணீர் மோட்டார் ஸ்விட்ச் ஆகியவற்றுக்கு அந்த இடம் சரி.

மேல்மாடிக் கழிப்பறை கீழ்க் கழிப்பறைக்கு நேர் மேலே, இரண்டும் வெளிச்சுவரை ஒட்டி வர வேண்டும். ஹாலுக்கோ பூஜையறைக்கோ மேலே வந்தால், ஒரு ஜாயின்ட் கசிந்தாலும் கீழே சீலிங் ஊறும். அதேபோல மேல்தளச் சுவர்கள் கீழ்ச் சுவர் அல்லது பீம் மேல் உட்காரட்டும், இல்லாவிட்டால் ஒரு சுவரைத் தாங்கவே தனி பீம் போட நேரும். கழிவுக் குழாய்க்கு 40-க்கு 1 சரிவு வைத்தால், பின்பக்கக் கழிப்பறையிலிருந்து தெருச் சாக்கடைக்கு 40 அடி ஓட ஓரடி இறக்கம் தேவை. தெரு மேன்ஹோலின் ஆழத்தை அளக்காமல் பேஸ்மட்ட உயரத்தை முடிவு செய்யாதீர்கள்.

வெயிலுக்கு மேற்குச் சுவரில் படி, கழிப்பறை, அலமாரி போன்றவற்றைத் தள்ளுங்கள். அங்கே ஜன்னல் தவிர்க்க முடியாததென்றால் 2 அடி சன்ஷேடு வேண்டும். ஒவ்வொரு படுக்கையறைக்கும் காற்று நுழைய ஒரு ஜன்னல், வெளியேற இன்னொரு திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வாஸ்து பார்ப்பவர்கள் அக்னி மூலை, கன்னி மூலையையெல்லாம் இந்தக் கட்டத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கடைசியில் சொன்னால் குழாய், படி, பில்லர் எல்லாமே நகரும்.

பில்லர் நிற்கும் இடங்களையும் குறியுங்கள். 9-க்கு 12 அங்குலப் பில்லர் நாலரை அங்குலச் சுவரில் வந்தால் அறைக்குள் துருத்தும், அந்த மூலையில் பீரோ ஒட்டாது. முடிந்தவரை கதவுக்குப் பின்னாலோ அலமாரி வரும் மூலையிலோ அது மறையட்டும்.

எல்லாம் ஒத்துவந்த பிறகு, மனையிலேயே சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் பிளானைப் போடுங்கள். கட்டில் இருக்கும் இடத்தில் பாய் விரித்து, குடும்பத்தோடு சமையலறையிலிருந்து சாப்பாட்டு மேசைக்கும், படுக்கையிலிருந்து கழிப்பறைக்கும் நடந்து பாருங்கள். வெட்டவெளியில் எந்த அறையும் சின்னதாகத் தெரியும், பயந்து கூட்டிவிடாதீர்கள். இப்போது வசிக்கும் வீட்டு அறையின் அளவோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அதன்பிறகே அனுமதிக்குக் கொடுங்கள். 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குத் தமிழ்நாட்டில் 2024 முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி பெறலாம். அதில் பதிவேற்றும் பிளானும், இஞ்சினியர் கம்பிக் கணக்குப் போடும் பிளானும், மேஸ்திரி கையில் இருக்கும் பிளானும் ஒரே தேதியிட்ட ஒரே பிரதியாக இருக்கட்டும். பழைய பிரதிகளை அன்றைக்கே கிழித்துப் போட்டுவிடுங்கள்.