கர்ப்பகால சர்க்கரை: முதல் இரண்டு வாரத்தில் செவிலியர் செய்ய வேண்டியவை

75 கிராம் குளுக்கோஸைச் சுமார் 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கையில் ரத்தச் சர்க்கரை 140 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கர்ப்பகால சர்க்கரை. குடித்த அரை மணிக்குள் வாந்தி வந்துவிட்டால் அந்தச் சோதனை செல்லாது. மறுநாள் வரச் சொல்லுங்கள். பெரும்பாலோருக்கு அடுத்த இரண்டு வாரம் உணவும் நடையும்தான் சிகிச்சை.

"இனிப்பு வேண்டாம், சோற்றைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பினால் வேலை நடக்காது. கர்ப்பிணி நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன சாப்பிட்டார், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதுங்கள். வெல்லம் சேர்ந்த சத்துமாவு, மாதுளை ஜூஸ், பேரீச்சம்பழம் எல்லாம் உடம்புக்கு நல்லது என்ற நினைப்பில் தானாகச் சொல்ல மாட்டார். பெயர் சொல்லியே கேளுங்கள். மாமியாரோ அம்மாவோ கூட வந்திருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். பல வீட்டில் தட்டில் போடுபவர் அவர்தான்.

எழுதிய பட்டியலையே திருத்துங்கள். காலையில் ஹார்மோன்களால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதனால் மதியம் தாங்குகிற அளவு காலையில் தாங்காது. ஐந்து இட்லி சாப்பிடுபவருக்கு இரண்டு அல்லது மூன்று, கூடவே நிறைய சாம்பார், ஒரு அவித்த முட்டை அல்லது சுண்டல். மிச்சப் பசிக்கு பத்தரை மணிவாக்கில் மோரும் கொஞ்சம் வேர்க்கடலையும். மதியம் தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்பு அல்லது மீன், கால் பங்கு சோறு. கேழ்வரகு என்றாலே பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். கூழாகக் கரைத்துக் குடித்தால் அதுவும் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். அடையாகத் தட்டி, கீரை சேர்த்துச் சாப்பிடலாம்.

பயந்துபோய் இரவு பட்டினி கிடப்பவர்களும் உண்டு. எடை இறங்கினாலோ சிறுநீரில் கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) தெரிந்தாலோ அதுதான் காரணமா என்று விசாரியுங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று சிறு உணவு, எதையும் தவிர்க்கக் கூடாது.

ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் 10 முதல் 15 நிமிடம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் நடந்தால் போதும். நஞ்சுக்கொடி கீழிறங்கியிருந்தாலோ, கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் நடக்கச் சொல்லாதீர்கள். நடக்கும்போது ரத்தக்கசிவு, நீர் கசிதல், அடிவயிறு இறுகுதல் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வர வேண்டும்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், உங்கள் முன்னால் ஒருமுறை பார்த்துக் காட்டச் சொல்லுங்கள். பழம் தொட்ட விரலைக் கழுவாவிட்டால் அளவு பொய்யாக ஏறும். விரலைப் பிதுக்கி எடுத்தாலும், ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தாலும் தவறும். சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்க்கையில், அந்த நேரத்தை முதல் கவளத்திலிருந்து எண்ண வேண்டும், கை கழுவியதிலிருந்து அல்ல. வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், இரண்டு மணி கழித்து 120-க்குக் கீழ் என்பது இலக்கு.

இரண்டு வாரம் கழித்தும் 120-க்குக் கீழ் வராவிட்டால் மருத்துவரிடம் அனுப்புங்கள். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் மாதம் ஏற ஏறக் கூடுவதால், ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் மருந்தோ இன்சுலினோ தேவைப்படலாம். அதை அவர் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதபடி முதல் நாளே சொல்லிவையுங்கள். அட்டையில் இன்னொன்றையும் எழுதுங்கள்: பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி 75 கிராம் சோதனை. குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட வரும் நாளையே அதற்கும் குறித்துக் கொடுத்தால் மறக்காமல் வருவார்.